படத்தில் வந்த அத்தான்

அற்புதமணி அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் என்னோடு டாக்கீஸுக்கு வந்தாள். பெண்கள் பக்கம் போகமாட்டேன், தம்பி பக்கத்தில்தான் உட்காருவேன் என்று வாசல்காரனோடு சண்டை போட்டு ஜெயித்தாள். பாட்டும் கூத்தும் உள்ள பெரிய படம் அவளுக்கு வேண்டாம். அதற்கு முன்னால் சர்க்கார் காட்டும் சின்னப் படத்தில் அவள் புருஷன் ரோச் வருகிறார்.

அத்தானுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. போன ஐப்பசியில் தோணியோடு போனவர் உடம்பாகக்கூடக் கரை சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குருசு நிற்கிறது, கீழே வெறும் மண்.

"ஏலே ஜேசுபாதம், மொகம் நல்லாத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

காலேஜில் படிக்கிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். அந்தப் படச்சுருளில் ஒரு துண்டு வெட்டித் தரமுடியுமா என்று மிஷின் ஓட்டுகிறவரிடம்கூடக் கேட்டிருந்தேன். "சர்க்கார் சொத்துடே. இங்கன காட்டி முடிச்சு லண்டனுக்குப் போவுது. குளுந்த ரூம்ல நூறு வருசம் கெடாம இருக்கும்" என்றார்.

முத்துக்குளிப்பைப் படம்பிடிக்கத் துரை வந்தபோது இங்கே அது நின்று பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அவருக்குத் தடையாக இல்லை. சங்கு குளிக்கிற அத்தானைக் கூப்பிட்டு, கழுத்துக் குருசைக் கழற்றச் சொல்லி, நெற்றியில் எதையோ பூசி, ஆதிவாசி ஆக்கினார். அவரை மேலே இழுக்கும் கயிற்றைத் தோணியில் பிடிக்கிற எனக்குத்தான் படத்தில் வர வழியில்லை. மூக்குக்கண்ணாடியும் கிராப்பும் ஆதிவாசிக்கு ஆகாதாம். என் இடத்தில் கிளப்புக்கடைச் சமையல்காரர் செந்தூர்பாண்டி அண்ணாச்சியை நிறுத்தினார்கள். அண்ணாச்சிக்குப் பெரிய மீசை. கடல் பழகாத ஏரல்காரர். தோணி ஏறியதும் வாந்தி எடுத்தார்.

அத்தான் இறங்க மறுத்துவிட்டார். எங்களில் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். அக்காள் தாலி அறுவதில் அவனுக்கு ஆதாயமில்லை என்பது கணக்கு.

"மச்சான் கையில கயிறு இல்லாம நான் எறங்க மாட்டேன். தொரையே வேணும்னா குதிக்கட்டும்."

கடைசியில் நான் தோணிக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு நிஜக் கயிற்றைப் பிடித்தேன். அண்ணாச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காமிராவுக்காக முழித்தார்.

டாக்கீஸில் விளக்கு அணைந்தது. கடல் வந்தது. இங்கிலீஷ் குரல், எண்ணமே இல்லாததால் பயமும் இல்லாத எளிய காட்டுமிராண்டிகள் என்றது.

"என்ன சொல்லுதான்?"

"அத்தான் மாதிரி குளியாள் கிடையாதாம்."

அக்கா தலையாட்டிக்கொண்டாள்.

அண்ணாச்சியின் மீசை திரை முழுக்க வந்தது. முன்பெஞ்சில் கைதட்டினார்கள். பிறகு அத்தானின் முதுகு. ஆழத்துக்கு இழுக்கும் கல்லில் கால் வைத்தார், இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

கயிறு துடித்தது. மேலே வந்தார். வந்தவர் தோணியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டார். தெரிந்தது ஈரப் பிடரி. மறுபடி இறங்கினார், மறுபடி வந்தார், மறுபடியும் பிடரி. நூறு வருஷம் கெடாமல் இருக்கப்போவது அதுதான். குரல் இலங்கைத் தேயிலைக்குத் தாவியது.

"ஏம்ல, அவுக ஏன் இந்தப் பக்கம் பாக்கல?"

துரையும் அன்றைக்கு அதைத்தான் கத்தினார். காமிராவைப் பார், காமிராவைப் பார் என்று. ஆனால் மேலே வந்ததும் கயிறு பிடிக்கிறவனுக்கு முகம் காட்டுவது அத்தானின் பழக்கம். தோணிக்குள் குனிந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "என்ன மச்சான், ஒறக்கமா?"

"என்னையப் பாத்தாரு, அக்கா. நான் உள்ள படுத்துக் கிடந்தேன்."



பெரிய படம் தொடங்கி, யாரோ பாட ஆரம்பித்தார்கள். அக்கா என் தாடையைப் பிடித்துத் திரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பின்னாலிருந்தவர்கள் தலை மறைக்கிறது என்று ஏசினார்கள். அவள் என் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.