தொண்ணூற்று நான்கு

கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பெரியவர் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ‘பழைய பயணங்களின் விவரங்களை அழிக்க’ என்பது தலைப்பு. கீழே நான்கு படங்கள், நான்கு அம்புக்குறிகள். முதல் அம்புக்குறி காட்டும் பொத்தான் எது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. காருக்குள் வெக்கை தாங்கவில்லை. கண்ணாடியை இறக்க வேண்டுமானால் காரை உயிர்ப்பிக்க வேண்டும். உயிர்ப்பித்தால் திரை எரியும். திரையில் நேற்றைய எண் வந்து நிற்குமோ என்று பயந்து, வியர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னறையில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். பதினொரு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பத்தேகால்.

“அவரு அங்கயே இருக்கட்டும் விடுங்க. தம்பியோட வண்டியில உக்காந்து அழுதுட்டிருக்காரு” என்று யாரோ வெளியே சொன்னது மங்கலாகக் கேட்டது.

அவர் அழவில்லை.

முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமம் கேட்டு வந்தவர்களைச் சோதித்துப் பாஸ், ஃபெயில் என்று எழுதியவர் அவர். சிபாரிசோடு வந்தவர்களுக்கு இரண்டு தடவை ஃபெயில் போட்டார் என்று பேர். தம்பியின் மச்சானுக்கு மூன்று தடவை போட்டார். “நம்ம வீட்டுல யாரு வாயிலயும் பொய் வரக் கூடாது” என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லியே தன் பிள்ளைகளையும் தம்பி மகளையும் வளர்த்தவர்.

அப்படிப்பட்டவருக்கு இந்தக் கார் அறுபத்தொரு மார்க் போட்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றபின், மகளின் யோசனைப்படி இந்தக் காரை வாங்கினான். சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றலாம். சார்ஜில் ஓடும், தேவைப்பட்டால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். ஒவ்வொரு பயணம் முடிந்து அணைத்ததும் ‘டிங்’ என்று மணியடித்து, எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாய் என்று நூற்றுக்கு மார்க் காட்டும். அந்த மார்க் தம்பியின் போனுக்குப் போகும். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளின் போனுக்கும் போகும்.

“வேகத்துக்கு மார்க் கெடையாதுண்ணே” என்று தம்பி முதல் நாளே விளக்கினான். “கிளம்புறது, ஓடுறது, நிக்கிறது. மூணும் எவ்வளவு மெத்துனு இருக்குன்னுதான் பாக்கும். நீ மிதிக்கிற மிதியில பெட்ரோல் எஞ்சின் அலறி எழுந்திரிக்குது பாரு. குழந்த தூங்குற ரூம்ல நடக்குற மாதிரி மிதி. தூரத்துல சிவப்பு தெரிஞ்சதுமே கால எடுத்துடு. வண்டி தானா உருண்டு போகும், பிரேக்க லேசாத் தொட்டா அந்த ஓட்டம் பேட்டரிக்குள்ள திரும்பிப் போயிடும்.”

“எனக்கே சொல்லித் தர்றியாடா?”

“உனக்குன்னா ஃபீஸ் கெடையாது.”

எட்டு மாதமாக நடந்த பந்தயம் அது. இருவரும் காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், தம்பி மனைவி தலையைக்கூடத் தூக்காமல் கேட்பாள்: “இன்னிக்கு எவ்வளவு மாமா?” அவர் பதில் சொல்ல மாட்டார். தம்பி சொல்வான். பிறகு கையேட்டின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதியும் வைப்பான். அந்தத் தாள் இப்போது அவருடைய கட்டை விரலுக்கு அடியில் இருந்தது. ‘நான் 93. அண்ணன் 58. நான் 95. அண்ணன் 61. அண்ணன் 60, திட்டுகிறார்.’

கடைசி வரிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

நேற்று மதியம் இரண்டரை மணிக்குத் தம்பி பக்கத்திலிருக்கும் தன் வீட்டிலிருந்து நடந்து வந்து, “நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்குண்ணே. வாயுதான். ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடலாம், நீ ஓட்டு” என்றான். சட்டையின் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டாரா, நினைக்க விரும்பினாரா? நேற்றிரவு முழுதும் அந்தக் கழுத்துப் பட்டையே கண்முன் வந்து நின்றது.

பதினொரு கிலோமீட்டர். பாலம் தாண்டும்வரை பெட்ரோல் எஞ்சின் ஒருமுறைகூட விழிக்கவில்லை. திரையில் சிக்கனம் காட்டும் முள் பச்சைக் கோட்டைவிட்டு நகரவில்லை. “பரவாயில்லையே” என்றான் தம்பி. அந்த ஒரு சொல்லில் அவருக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. எதிரே சாலை காலியாக இருந்தது. அழுத்தி மிதித்தால் தாண்டிவிடலாம். அழுத்தினால் முள் தாவும். அவர் லாரிக்குப் பின்னாலேயே போனார்.

“ஏசியக் கொஞ்சம் கூட்டேன்” என்றான் தம்பி.

“இதோ வந்துடுச்சுடா. எதுக்கு வீணா பேட்டரிய எறக்கணும்?”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முப்பத்தொரு நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் காரை அணைத்ததும் ‘டிங்’ என்றது. திரையில் 94. தம்பி தலையைத் திருப்பிப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான்.

“பாஸ்ண்ணே.”

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். அந்தக் கால் நிற்கவில்லை.

நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயது டாக்டர். “கொஞ்சம் முன்னாடி...” என்று ஆரம்பித்து, பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

தம்பி மனைவி தன் அண்ணனோடு ஓடி வந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “சீக்கிரமாத்தானே வந்தீங்க மாமா? சீக்கிரமாத்தானே கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள்.

“பறந்து வந்தேம்மா. ரெண்டு சிவப்பு வெளக்கத் தாண்டித்தான் வந்தேன்.”

எழுபத்திரண்டு வயதில் அவர் யோசிக்காமல் சொன்ன பொய் அது. எப்படி அவ்வளவு வழவழப்பாக வெளியே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் இரவு முழுதும் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது.

இடது கதவு திறந்தது. பெரியவர் கையேட்டைத் தொடைக்கு அடியில் தள்ளினார்.

தம்பி மகள். விடியற்காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். அப்பா உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

“பெரியப்பா, அப்பா வர்ற வழியில ஏதாச்சும் பேசினாரா?”

“பேசிட்டேதான் வந்தான்.”

“என்ன பேசினாரு?”

அவள் தன் போனை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். நேற்று மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கார் அனுப்பிய செய்தி. 11 கிலோமீட்டர், 31 நிமிடம், 94. அதற்குக் கீழே, மூன்று பதினான்குக்கு அவள் அப்பாவுக்கு எழுதியது: ‘தொண்ணூத்தி நாலா? பெரியப்பாவ ஜெயிக்கவே விட மாட்டீங்களாப்பா?’

அப்பா அதைப் படித்ததற்கான அடையாளம் இல்லை.

“நீங்க வழக்கம்போல ஊர் சுத்திட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு அம்மா போன் பண்ணுச்சு.”

ஆக, இவளுக்குத் தெரியும். வந்த நிமிடத்திலிருந்தே தெரியும். அம்மா சிவப்பு விளக்குக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரியவர் சொன்னார். லாரியைச் சொன்னார். கழுத்துப் பட்டையைச் சொன்னார். ஏசியைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போய், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. அவள் ஏசி வரும் துளையின் மடிப்பை விரலால் திறந்தாள். பிறகு மூடினாள்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம். தம்பியின் மச்சான், பின்னால் தம்பி மனைவி. மகள் கதவைத் திறந்தாள்.

“பாப்பா, இந்த வண்டி எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குமாமே?” மச்சான் குனிந்து உள்ளே பார்த்தார். அழுது அழுது அவருடைய பெரிய குரலும் கட்டியிருந்தது. “நேத்து பெரியப்பா ஓட்டுன ஓட்டத்தக் கொஞ்சம் போட்டுக் காட்டேன். அம்மா பாக்கணும்னு சொல்லுது. மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்.”

பெரியவரின் கைகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டன. மகளின் மடியில் போன் இருந்தது. திரை இன்னும் அணையவில்லை. எட்டிப் பார்த்தாலே எண் தெரியும்.

அவள் போனைத் திருப்பி வைத்தாள்.

“அதெல்லாம் இப்ப வராது மாமா. நேத்து சார்ஜ் சுத்தமா எறங்கிடுச்சு, பதிவும் போயிடுச்சு. அவ்வளவு வேகமா மிதிச்சிருக்காரு பெரியப்பா.”

குரல் நடுங்கவில்லை. முகம் மாறவில்லை. நேற்று தன் வாயிலிருந்து வந்த அதே வழவழப்பு. பெரியவர் அவளையே பார்த்தார். எட்டு வயதில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஓடி வந்து ஒப்புக்கொண்ட குழந்தை.

“பாத்தியா?” என்றார் மச்சான் தங்கையிடம். பிறகு பெரியவரின் தோளைத் தொட்டார். இத்தனை வருடத்தில் அவர் தொட்டதே இல்லை. “உங்கள நான் மனசுக்குள்ள பேசாத பேச்சில்ல. கோடு மேல டயர் பட்டுச்சுன்னு எனக்கு மூணு தடவ ஃபெயில் போட்டவரு. அந்த மனுஷன் என் மாப்பிள்ளைக்காகச் சிவப்பு வெளக்கத் தாண்டுனாருன்னா...” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி மனைவி பெரியவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். நன்றி சொல்வதுபோல.

பெரியவர் காரை விட்டு இறங்கினார். தொடைக்கு அடியில் இருந்த கையேடு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டு, சோதனை முடிந்து முடிவைப் படிக்கிறவர் போல விறைப்பாக நின்றார்.

“பொண்ணு எனக்காகப் பொய் சொல்லுதும்மா. பதிவு இருக்கு. நான் எந்த வெளக்கையும் தாண்டல. பாதி தூரம் ஒரு லாரிக்குப் பின்னாலயே உருட்டிட்டு வந்தேன். பதினஞ்சு இருவது நிமிஷத்துல வந்திருக்கலாம். மார்க் கொறஞ்சிடும்னு பாத்தேன். அவன் ஏசி கேட்டான். நான் கூட்டல.”

மச்சானின் கை துண்டோடு அப்படியே நின்றது. வாசலில் நாற்காலியில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். மகள் காருக்குள்ளேயே தலை குனிந்திருந்தாள்.

தம்பி மனைவி அவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவளுடைய முகத்தில் எதுவும் அவருக்குப் படிக்கக் கிடைக்கவில்லை. பிறகு அவள் குனிந்து, கீழே கிடந்த கையேட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பதினொன்று ஐந்துக்கு வண்டி வந்தது. தூக்கி வைத்தார்கள். மற்றவர்கள் வேறு வேறு கார்களில் ஏறினார்கள். மச்சான் பெரியவரைத் திரும்பியும் பார்க்காமல், “நீ என்கூட வா” என்று தங்கையை அழைத்தார். அவள் தன் அண்ணனைத் தாண்டி நடந்து வந்து, தம்பியின் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மடியில் கையேடு. மகள் முன்னால் உட்கார்ந்தாள்.

சாவி பெரியவரின் சட்டைப் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. முன்னால் தம்பி போன வண்டி நடக்கிற வேகத்தில் போனது. அதன் பின்விளக்கு சிவந்தபோதெல்லாம் அவர் காலை எடுத்தார். கார் தானாக உருண்டு, தானாக நின்றது. பெட்ரோல் எஞ்சின் ஒருமுறைகூட விழிக்கவில்லை. முள்ளைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார். பார்க்காமலே அது பச்சையில் இருப்பது தெரிந்தது. மகள் ஏசியைக் கூட்டி வைத்தாள். குளிர்ந்த காற்று நேராக அவர் கழுத்துப் பட்டையில் பட்டது.

மயானத்து வாசலில் முன்வண்டி நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். நான்கு பேர் கை கொடுக்கப் போனார்கள். அவரும் போக வேண்டும். அண்ணன்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள். காரை அணைக்காமல் இறங்க முடியாது. விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. வெளியே மறுபடி கூப்பிட்டார்கள்.

அழுத்தினார்.

‘டிங்’ என்றது.

முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியைத் தோள்களுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. கடைசித் தாள்.

“எவ்வளவு மாமா?” என்றாள் தம்பி மனைவி.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். தூக்கிப் பார்த்தார். மறுபடி துடைக்கத் தொடங்கினார்.