நித்யஸ்ரீ இருந்த கம்ப்யூட்டர்

“பேரு கேக்குது. என்ன வைக்கலாம் கண்ணு?”

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதலாளி தரணீதரன் அப்படிக் கேட்டபோது சத்யப்பிரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. முதலிபாளையத்து பனியன் கம்பெனியின் ஸ்டிக்கர் அறைக்குப் புதிதாக மூன்று கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன; முதல்முறை திறந்ததும் ஒவ்வொன்றும் ஒரு பெயர் கேட்டது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் அதுவரை யாரும் எதற்கும் பெயர் கேட்டதில்லை. அவர் போன் பேச வெளியே போன நேரத்தில், சாப்பாட்டுக் கூடைக்கடியில் ஒளித்துக் கொண்டுவரும் நோட்டில் அவள் எழுதிவரும் கதையின் மூன்று பெண்களின் பெயர்களையும் தமிழிலேயே அடித்துவிட்டாள். நித்யஸ்ரீ, கவிப்பிரியா, வர்ஷினி. பூஜை முடிந்ததும் சூப்பர்வைசர் சித்ரகலா பார்த்துவிட்டு, இதென்ன கம்பெனியா கல்யாணப் பத்திரிகையா என்று சிரித்து, இங்கிலீஷில் லைன் நாலு, அஞ்சு, ஆறு என்று மாற்ற வைத்தாள். யார் வைத்தது என்று கேட்டதற்கு சத்யப்பிரியா வாயைத் திறக்கவில்லை.

இப்போது மூன்று நாளாக அருள்குமார் அந்த அறையிலேயே கிடக்கிறான். பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கும் புது சாஃப்ட்வேர் அவன் எழுதியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக பில்ட் போட்டு, அதாவது எழுதியதை அங்கேயே புரோகிராமாக மாற்றி எடுத்தால்தான் ஓடும். பழைய மூன்றிலும் ஓடியது. புதிய மூன்றிலும் பில்ட் பாதியில் நின்று சிவப்பு எழுத்தாகக் கொட்டியது. ஒயரை மாற்றினான், ஆன்டிவைரஸை நிறுத்தினான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். புதுசுதானே நல்லா ஓடோணும் என்று தரணீதரன் இரண்டு தடவை வந்து கேட்டார். மூன்றாம் தடவை, சாயந்திரத்துக்குள் ஆகாவிட்டால் கோயமுத்தூரிலிருந்து வேறு ஆளை வரச்சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். மரியாதை குறையாமல்தான் சொன்னார். அருள்குமாரின் டீ ஆடை படிந்து ஆறிக்கிடந்தது.

சிவப்பு எழுத்துகளுக்கு நடுவே ஓரிடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அவன் குப்பையென்று தள்ளிக்கொண்டே போனான். பக்கத்து மேசையில் ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்த சத்யப்பிரியாவுக்குக் கை நின்றது. ஸ்டிக்கர் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. ஒருதரம் யாரும் இல்லாதபோது அதில் நித்யஸ்ரீயின் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறாள். இப்படித்தான், வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. அந்த ஸ்டிக்கர் இன்னும் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

சொன்னால் யார் நித்யஸ்ரீ என்று கேட்பான். நோட்டு வெளியே வரும். மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இந்த அறைக்கு ஒரு மாதத்துக்கு அது போதும். பேசாமல் இருந்தால் ஆறு மணிக்கு அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இந்த அறைக்கு வந்தவர்களில், நீ ஏன் பேசவே மாட்டேங்கற என்று அவளைக் கேட்காதவன் அவன் ஒருவன்தான்.

ஐந்தே கால் மணிக்கு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் கீபோர்டுக்கு அருகில் வைத்தாள்.

“ஏனுங்ணா, இதுங்களுக்கு மொதல்ல தமிழ்ல பேர் வெச்சிருந்துச்சுங்க. மேலதான் மாத்துனோம். உள்ள மாறலையோ என்னமோ.”

“யாரு வெச்சது?”

“நாந்தானுங்க.”

அவன் ஸ்டிக்கரைப் பார்த்தான். அதன் கீழே இருந்த கதையின் நாலு வரியையும் படித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு திரையில் ஃபோல்டரைத் திறந்தான். வெளியே லைன் நாலு என்று மாறியிருந்தாலும், உள்ளே, முதலில் வைத்த பெயரில் உருவான ஃபோல்டரில், நித்யஸ்ரீ அப்படியே இருந்தாள். அந்த வழியாகப் போன பில்ட், படிக்கத் தெரியாத பெயரில் இடறி நின்றிருக்கிறது.

“பேருங்களா இது,” என்றான் மெதுவாக. “மூனு நாளா குப்பைன்னு தள்ளிட்டிருந்தனே.”

மூன்றிலும் புதுக் கணக்குத் திறந்து, ஃபோல்டருக்கு இங்கிலீஷ் பெயர் கொடுத்தான். ஆறு மணிக்குள் மூன்றும் ஓடின. தரணீதரன் வந்து, என்னதான் கோளாறு என்று கேட்டார். சத்யப்பிரியா ஸ்டிக்கர் ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்ர தப்புதானுங்க,” என்றான் அருள்குமார். “தமிழ்ப் பேரு இருந்தாலும் ஓடற மாதிரி நான் எழுதியிருக்கோணும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அருள்குமார் இன்னும் கொஞ்ச நேரம் மூன்று கம்ப்யூட்டர்களிலும் எதையோ தட்டினான். நோட்டை மூடி, ஸ்டிக்கர் ரோல்களுக்குக் கீழே தள்ளிவைத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

சத்யப்பிரியா அணைக்கப் போனாள். மூன்று திரைகளும் பாஸ்வேர்ட் கேட்டு நின்றன. கட்டத்துக்கு மேலே, லைன் நாலு என்று இருந்த இடத்தில், தமிழில், நித்யஸ்ரீ. அடுத்ததில் கவிப்பிரியா. ஓரத்தில் வர்ஷினி.