அம்மன் பெயரில் விழுந்த வீடு

என் தங்கை நீலாம்பாளின் கணவர் அய்யாசாமி, தம் வீட்டைப் பரிசாக வைத்து அச்சடித்த குலுக்கல் சீட்டை என்னிடம் நீட்டினார். அதிலிருந்த பிழைகளைத் திருத்த அது நேரமன்று. "இது குற்றம்" என்றேன்.

"பொண்ணு மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறா, மச்சான். குத்தமாவது ஒண்ணாவது!"

அவர் மகள் தமிழரசி, பர்மாவில் எங்கள் நகரின் வடகோடிப் பகுதியான ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தவள். இதய வால்வு கெட்டுவிட்டது. முழுத்தொகையையும் முன்னதாகக் கட்டினாலன்றி அறுவைக்கு நாள் குறிக்க முடியாது என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டது. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து க்யிம்யிண்டைங் படகுத்துறையை அடுத்த மரவீடு. அதையும் விற்க முடியவில்லை. பத்திரம் அய்யாசாமியின் பாட்டனார் பெயரில் கிடந்தது. அவருக்குப் பின் எவரும் அதை மாற்றவில்லை, மாற்ற அலைந்தபோது, முழுக் குடியுரிமை இல்லாதவர்க்குத் தரும் அடையாள அட்டையின் நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வாங்க வந்தவர்கள் பத்திரத்தைப் பார்த்தார்கள், தேநீரைக் குடித்தார்கள், போனார்கள்.

அவரைத் தாமுவேயில் இருக்கும் வழக்கறிஞர் ஜுல்ஃபிகரிடம் இழுத்துச் சென்றேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன்; பர்மிய வழக்கப்படி எல்லாரும் என்னைச் சயா என்றே அழைப்பார்கள்.

"சயா முன்னாடியே சொல்றேன்" என்றார் ஜுல்ஃபிகர். "லாட்டரி நடத்துற உரிமை அரசாங்கத்துக்கு மட்டுந்தான். நன்கொடைன்னு பேர் மாத்தினாலும், பரிசு வெச்சா சூதாட்டம். வித்தவரும் மாட்டுவாரு, வாங்கினவரும் மாட்டுவாரு. சரி, யாருக்கோ விழுந்துருச்சுன்னே வைங்க. ஒங்க பேர்ல இல்லாத வீட்ட எப்படி எழுதிக் கொடுப்பீங்க?"

"சாவியக் கொடுப்பேன்."

"சாவி பத்திரமாகுமா?"

"மூணு தலைமுறையா எங்ககிட்டயும் சாவி மட்டுந்தானே பாய் இருக்கு?"

ஜுல்ஃபிகர் கட்டணம் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படியும் அய்யாசாமி விற்பனையைத் தொடங்கினார். சீட்டுகள் ஆயிரம். அரசுப் பரிசுச் சீட்டின் முதற்பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம் எதுவோ, அந்த எண்ணுக்கே வீடு. தில்லுமுல்லுக்கு இடமில்லாத ஏற்பாடு. ஆனால் ஏறத்தாழப் பாதிதான் விற்றது; அறுவைக்கான தொகைக்கு அது மட்டுமட்டாகப் போதும். விற்காத எண் வந்தால் மீண்டும் குலுக்குவது என்று முன்கூட்டியே அறிவிக்கும்படி தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அய்யாசாமி கேட்கவில்லை. எங்களவர்கள் எந்தச் சீட்டுப் பிடித்தாலும் முதற்சீட்டை அம்மன் பெயரில் எழுதுவார்கள். அவரோ மிச்சம் முழுவதையும் அம்மன் பெயரில் எழுதி, மஞ்சள் தடவி, கோயிலில் அவள் காலடியில் கட்டாக வைத்துவிட்டார்.

"நானே வெச்சுக்கிட்டா ஏமாத்துறேம்பாங்க, மச்சான். அம்மா பேர்ல இருந்தா ஒரு பய வாயத் தொறக்கமாட்டான்."

முடிவு வந்த நாளில் எண் அந்தக் கட்டிலிருந்துதான் விழுந்தது.

வீட்டின் முன் கூட்டம் கூடியது. சந்தையில் மீன் விற்கும் ராணிதான் தொடங்கினாள். "அம்மனுக்கு வீடு விழுந்துருச்சாமே! குடிவரப்போறது மாடியிலயா, கீழயா?"

சிரித்தார்கள். பிறகு ஒருவன், "காச எடுத்து வையி!" என்றான். சிரிப்பு நின்றது. காசு அன்று காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டது; மறுநாள் அறுவை.

"மறுபடி குலுக்கலாம், வித்த நம்பர் மட்டும்" என்றேன். பலர் தலையாட்டினார்கள்.

கோயில் தர்மகர்த்தா தனசேகரன் முன்னால் வந்தான். "அதெப்படி சயா? அம்மன் சொத்த மறுபடியும் குலுக்குறதா?"

"ஒரு சீட்டுக்காவது கோயில் காசு கொடுத்துச்சாடா?"

"சீட்டு அம்மா கால்ல இருந்துச்சுல்ல. சாவி கோயிலுக்கு வரலேன்னா, நான் வார்டு ஆபீஸ்ல போய்ச் சொல்லவேண்டியிருக்கும்."

சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை இந்தத் தர்மகர்த்தா கொள்ளையடிக்கக் கருவியாக்கினான். மாணவனாக இருந்திருந்தால் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பேன். "சொல்லு, நாங்களும் வர்றோம்" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அய்யாசாமியை அன்றே பிடித்துப்போனால் மருத்துவமனையில் கட்டிய பணத்தையும் தேடி வருவார்கள்.

நீலாம்பாள் கதவைப் பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். கூட்டமும் பின்னால் போனது. கற்பூரத் தட்டில் சாவியை வைத்தாள்.

"ஒனக்குத்தானே விழுந்துச்சு, வெச்சுக்க. நாளைக்குப் பொழுது சாயிற வரைக்கும் இவங்க வாய மட்டும் கட்டிவையி. அப்புறம் யாரு வேணும்னாலும் எங்கள இழுத்துட்டுப் போகட்டும்."

அம்மனிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்க எவருக்கும் நா எழவில்லை. ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியேறினாள். தனசேகரன் தட்டிலிருந்து சாவியை எடுத்தான்.

"பத்திரம்?" என்றான்.

"எங்க வீட்டுக்காரரோட பாட்டன் பேர்ல இருக்கு. போயி அவருகிட்ட வாங்கிக்க."

மறுநாள் தமிழரசியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் அய்யாசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அவ பொழச்சு வந்தா எங்க கூட்டிட்டுப் போறது?"

தாமுவேயில் எனக்கு இருப்பது ஒரு வாடகை அறை, ஒரே கட்டில். அவளைக் கட்டிலில் படுக்கவைக்கலாம் என்றேன். மற்ற மூவரும் எங்கே படுப்பது என்று அவர் கேட்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.