ஒரு ஜோடிப் பெற்றோர்

வேலை போனதை விட, மாதக் கடைசியோடு அம்மாவின் மருத்துவக் காப்பீடும் போகும் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். அது என் அலுவலகப் பாலிசியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தனிப் பாலிசிக்கு விசாரித்தேன். முகவர் இனிமையாகப் பேசினார். "ஏற்கெனவே இருக்கற வியாதிக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் மேடம் தருவாங்க. அதுவரைக்கும் வேற எது வந்தாலும் கவலையே படாதீங்க."

வேறு எது வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது கணவரின் அலுவலகம். அங்கே பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் ஊழியரின் பெற்றோர் அல்லது மனைவியின் பெற்றோர், ஏதாவது ஒரு ஜோடிதான். என் அப்பாவும் இல்லை, மாமனாரும் இல்லை. இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒரு ஜோடியாக்க முடியுமா என்று கணவர் கேட்டுப் பார்த்தார். முடியாதாம். அந்தப் பாலிசியில் ஏற்கெனவே இருந்தவர் என் மாமியார்.

அவரிடம் யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரே ஆரம்பித்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மென்னு முழுங்கறீங்க? சொல்லித் தொலைங்க."

கணவர் சொன்னார். மாமியார் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓ. ஒரு உறையில ரெண்டு கத்தி கூடாதுங்கறான் உங்க ஆபீஸ்காரன். விவரமானவன்தான். சம்பந்தியம்மா பேரையே போடு. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"ஒரு வருஷத்துக்குத் திரும்ப மாத்த முடியாதும்மா."

"எமன்கிட்ட வாய்தா வாங்கிக்கறேன், போடா."

"ரொம்ப நன்றி அத்தை" என்றேன். சொல்லும்போதே அது வெளியாரிடம் சொல்வது போலிருந்தது.

"நன்றியெல்லாம் பாங்க்காரன்கிட்ட சொல்லு. இந்தப் போர்வையோட அந்த நுனியைப் பிடி."

பெயர் மாறியது. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவறவில்லை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் காது மாமியாரின் அறைப்பக்கமே கிடந்தது. அவர் இருமினால் என்ன இருமல் என்று தரம் பிரித்தது. யாரும் சொல்லாமலே குளியலறைத் தரையை ஈரமில்லாமல் துடைத்தேன். என் அக்கறையை நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை.

திரைச்சீலை கழற்ற அவர் ஸ்டூலில் ஏறிய அன்று ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

"இத்தனை வருஷமா ஏறி இறங்கறேன். அப்பல்லாம் உன் கண்ணு எங்க போச்சு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"விழுந்துட்டா என்ன அத்தை பண்றது?"

"விழுந்தா நீ பாத்துக்க மாட்டியா?"

நான் குனிந்து ஸ்டூலின் காலை நேராக்கினேன். அவர் என்னையே பார்த்தார்.

"சரி, நீ ஏறு" என்று ஒதுங்கினார்.

ஏறினேன். ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இருக்கில்ல?" என்றார்.

"எது?"

"பாலிசிடி."

"இருக்கு அத்தை, அவர் ஆபீஸ்ல."

"அப்பத் தைரியமா எட்டு."