கிழக்கே புளியமரம்

செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையரான ஜம்புநாதனுக்கு நான்கு பாஷை தெரியும். நான்கிலும் வாயை மூடத் தெரியாது என்பது அவர் மனைவி லலிதாம்பாளின் கட்சி.

மல்லாபூர் தாண்டி அவருக்கு அரை ஏக்கர் தோப்பு. எழுபத்தி நாலில் வாங்கியபோது அங்கே குடியிருக்கப் பாம்புகள்கூட யோசித்தன. 2006-ல் பக்கத்து நிலத்தில் வில்லா கட்ட வென்ச்சர் என்று ஒரு மனைக் கம்பெனி வந்தபின், தோப்பின் மேல் பறந்த காக்காயைக்கூட ப்ரோக்கர்கள் நிறுத்தி, நிலம் யாருடையது என்று விசாரித்தார்கள்.

பத்திரப்படி மேற்கே ரோடு, வடக்கே கிணறு, தெற்கே வாய்க்கால், கிழக்கே புளியமரம். கிழக்கில் சர்வே கல்லும் ஒன்று இருந்ததுதான். யாரோ துணி துவைக்கத் தூக்கிப்போய்விட்டார்கள். புளியமரம் ஒரு சூறைக்காற்றில் விழுந்து, அடிமரம் மட்டும் கல்யாணப் பந்தி அகலத்துக்கு நின்றது. வென்ச்சருக்கும் அவருக்கும் நடுவே மிச்சமிருந்த சாட்சி அது ஒன்றுதான்.

வீடு கட்டுவதற்காகத் தைல மரங்களை வெட்டினார். முப்பத்தோரு அடிமரங்கள் முளைத்த பல்லாய் நின்றன. வென்ச்சரின் சூப்பர்வைசர் சூசைராஜ், செகந்திராபாத்தில் பிறந்த தமிழன், எட்டிப்பார்த்தான்.

"எங்ககிட்ட ஸ்டம்ப் கிரைண்டர் வந்திருக்கு சார். டிராக்டர் பின்னாடி மாட்டுறது. அடிமரத்தைத் தேங்காய் மாதிரி துருவிடும். உங்களுதையும் முடிச்சுக் குடுத்துடறேன், சும்மாவே."

"சும்மா பண்றேன்னு வரவாளை நம்பப்படாதுன்னா," என்றாள் லலிதாம்பாள், அவன் போனபின்.

"நீ பேசாம இரு. நம்ம தமிழ்ப் பையன்."

டிராக்டர் ஓட்டி பல்பீர், ஹரியானாவிலிருந்து வந்து ஒன்பது நாளாகியிருந்தது. ஜம்புநாதன் அவனைப் புளிய அடிமரத்தருகே நிறுத்தி, அதைத் தட்டிக் காட்டி, "யே நக்கோ," என்றார். ஹைதராபாத் எருமைக்குக்கூட நக்கோ என்றால் வேண்டாம் என்று புரியும். ஹரியானாவில் அந்தச் சொல் கிடையாது. பல்பீர் மரியாதையாகத் தலையாட்டினான். மரத்தின் பெயர் என்று நினைத்திருக்கலாம்.

மிஷின் ஓடியது. பல் வைத்த சக்கரம் பக்கவாட்டில் ஆடி ஆடிக் கடிக்க, தூள் மழையாய்ப் பறந்தது. அந்தச் சத்தத்தில் ரெண்டு மைல் தள்ளி நாச்சாரத்தில் ஒரு கோழி, போட்ட முட்டையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டதாக ஜம்புநாதன் பிற்பாடு சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

முப்பத்தோராவதை முடித்த டிராக்டர், ரிவர்ஸில் புளிய அடிமரத்துக்கு வந்தது. சக்கரம் அதன் மேல் இறங்கியது.

ஜம்புநாதன் குடையோடு ஓடினார். ஒர்க்‌ஷாப்பில் கிரேன்காரர்கள் எல்லாரும் தெலுங்கர்கள். போதும், நிறுத்து என்பதற்கு முப்பத்தெட்டு வருஷமும் அவர் கத்திய ஒரே சொல் இப்போதும் வாயில் வந்தது.

"சாலு! சாலு!"

தெலுங்கில் அது போதும். இந்தியில் அதுவே, ஓட்டு. பல்பீர் த்ராட்டிலைக் கூட்டினான். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். சொந்தக்காரர் இவ்வளவு ஆசைப்படுகிறாரே என்று அவன் நெம்புகோலை அடிமட்டம் வரை இறக்கினான். தொண்டை கட்டி அவர் நின்றபோது அங்கே குழியும், சிவந்த தூளும் இருந்தன.

"ஆப் ஹீ தோ போலே, சாலூ," என்றான் பல்பீர். நீங்கள்தானே ஓட்டச் சொன்னீர்கள்.

நாலடி தள்ளி சூசைராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். மூன்று பாஷையும் தெரிந்தவன்.

"டேய், நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொந்தக்காரர் நீங்க சொல்றப்ப நான் குறுக்க பேசுறது மரியாதை இல்லையே சார்." டம்ளரைக் கவிழ்த்து உதறினான். "வேணும்னா நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு சாட்சி சொல்றேன்."

ஜம்புநாதன் புளியந்தூளை ஒரு கோணியில் அள்ளி, எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸ் மேஜையில் வைத்தார். "சார், இதுதான் என் கிழக்கெல்லை." சர்வேயர் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ரசத்துக்கு ஆகுமா என்று கேட்டார்.

பதினைந்தாம் நாள் வென்ச்சர் வேலி போட்டது. குழியிருந்த இடத்திலிருந்து முப்பது அடி உள்ளே, தோப்புக்குள். வீட்டுக்கு நூல் பிடித்திருந்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. கம்பம் நடுகிறவர்கள் ஒரியாக்காரர்கள்.

லலிதாம்பாள் அவர் தோளை இடித்தாள். "பார்த்துண்டே நிக்கறேளே. நிறுத்தச் சொல்லுங்கோ."

ஜம்புநாதன் வாயைத் திறந்தார். நான்கு பாஷையிலும் சொல் வந்து வரிசையில் நின்றது. ஒவ்வொன்றாக எடுத்து, அவர்களுக்கு இது என்னவாகக் கேட்கும் என்று யோசித்து, திருப்பி வைத்தார்.

அதற்குள் மூன்று கம்பம் நட்டாயிற்று.