குறுக்குக் காற்று

முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த ரத்மிலாவின் இடது கை அப்படியே நின்றுவிட்டது. விரல்கள் மரத்துப்போய், இலை நழுவித் தரையில் விழுந்தது. எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான், பக்கத்து வீட்டுக்காரி, கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"குறுக்குக் காத்து அடிச்சிருக்கு" என்றாள் அவள் மாமியார் கொசாரா. "ஜன்னலச் சாத்துன்னா கேட்டாத்தானே!" என்று அவளே போய் இழுத்துச் சாத்தினாள்.

எங்கள் செர்பியாவில் எந்த வியாதிக்கும் காரணம் இதுதான். ஜன்னலும் கதவும் எதிரெதிரே திறந்து கிடந்தால் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், ஏன், ஆளே போய்விடுவாராம். போன வாரமும் இப்படி மரத்துப்போனபோது டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தூக்கம் இல்ல, ஓய்வு இல்ல, ரத்தக்கொதிப்பு எகிறிக் கிடக்கு. மாதவிலக்கும் தப்பித் தப்பி வருது. எல்லாத்தையும் ஒருத்தியே இழுத்துப் போட்டுக்காதம்மா, இதயம் தாங்காது" என்றார். ரத்மிலா அதை அப்படியே வீட்டில் சொன்னாள். புருஷன் மிலுத்தின் நல்லவன்தான். பதறிப்போய்க் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கி வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிந்தால் அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். அதற்கு யாரையும் அழைப்பதில்லை; வருகிறவர் எல்லாம் விருந்தாளி. மருத்துவமனைச் சலவை வேலை போதாதென்று, சமையல் முழுக்க ரத்மிலா தலையில்.

"உக்காரு ரத்மிலா, நான் சுருட்டுறேன்."

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள். எதிர்க்கதவையும் திறந்தாள். நவம்பர் மலைக்காற்று வீட்டுக்குள் பாய்ந்தது. சால்வையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நட்டநடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அய்யோ, செத்துப் போயிடுவாளே! டேய் மிலுத்தின், வந்து சாத்துடா!"

"சாத்தாதீங்க அத்தை. நான் மூச்சு விடணும்."

மிலுத்தின் ஓடி வந்து ஜன்னலில் கை வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

கருகல் வாடை வந்தது. புனிதருக்குப் படைக்கும் ரொட்டி அடுப்புக்குள் இருந்தது. அது இல்லாமல் திருநாளே இல்லை. தாயும் மகனும் ஒருசேர ரத்மிலாவைத்தான் பார்த்தார்கள். நான் அசையவில்லை, வேண்டுமென்றேதான்.

"அடுப்புத் துணி எங்க இருக்கு?" என்றான் மிலுத்தின்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

சுற்றுமுற்றும் தேடினான். பிறகு தரையில் கிடந்த புதுச் சால்வையை எடுத்து, இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு, அடுப்பின் முன்னால் குனிந்தான்.