அடிநாதம் காணாமல் போன செவ்வாய்க்கிழமை

அவர் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு இறந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பாட்டுகளிலிருந்து பேஸ் கிட்டார் காணாமல் போனது. வானொலியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நடுவழியில் கால் ஒடிந்த நாற்காலிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்கேட்டிங் அரங்கில் சுற்றிக்கொண்டிருந்தவர்களில் பதினோரு பேர் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். நடனப் பள்ளி ஆசிரியை தூக்கிய இடது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். சோப்பு விளம்பரத்தின் நாலு வரிப் பாட்டு பசித்த பூனையின் அழுகைபோல ஆகிவிட்டதால் மாலைக்குள் அதை நிறுத்திவிட்டார்கள். இதைக் கவனிக்காதவர்கள் ஊரில் ஏழே பேர். அவருடைய ரசிகர்கள்.

அந்த ஏழு பேரும் அன்று பிற்பகல் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக, யாரும் கூப்பிடாமலே, மாதத்தின் முதல் ஞாயிறன்று வந்து உட்காரும் அந்த முகங்களை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். அவர்களைப் பொறுத்தவரை அவர் ஒரே ஒரு இசைத்தட்டின் மனிதர். ஜாஸும் ஃபங்க்கும் கலந்து, சாக்ஸபோனில் எட்டு உருப்படிகள். மற்றபடி முப்பது வருஷம் ஜன்னல் இல்லாத ஸ்டுடியோவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இசைத்தட்டு அட்டையில் பேர்கூட வராமல், ஊரார் பாட்டுக்கெல்லாம் அவர் பேஸ் வாசித்ததை, ஜெயிலுக்குப் போன சித்தப்பாவைப் பற்றிப் பேசாத குடும்பம்போல, அவர்கள் பேசுவதில்லை. வாய் தவறி வந்துவிட்டால் "வயித்துப்பிழைப்பு" என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

ரசிகர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். மூன்றாவது உருப்படியில் வரும் மெல்லிய விம்மல் ஒடுக்கப்பட்ட ஆன்மாவின் கேவல் என்று பதினோரு பக்கம் கட்டுரை எழுதியவர். அது பதிவான வாரம் தன் கணவருடைய மேல்வரிசை முன்பல் ஆடிக்கொண்டிருந்தது, இடுக்கில் காற்று போனது, புதன்கிழமை அதை ஒட்டிக் கொடுத்தது தான்தான் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும். கட்டுரையைப் படித்துக் கணவர் சிரித்த சிரிப்பில் பல் மறுபடி கழன்று தேநீரில் விழுந்ததும் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். அதிலும் சாக்ஸபோனோடு பேஸையும் தனியாக வாசித்துச் சேர்த்தவர் அவரேதான் என்பதால் அடியில் ஒன்றும் இல்லை. சாக்ஸபோன் கொடியில் மறந்துவிட்ட சட்டைபோலத் தனியாக ஆடியது. தலைவர் கண்ணை மூடினார்.

"போனப்புறம் இன்னும் தூய்மையா கேக்குது, கவனிச்சீங்களா?"

"அந்த வெற்றிடம் இருக்கே! அதைத்தான் அவர் சொல்ல வந்தார்" என்றார் அவர்களில் ஒரு தாடிக்காரர்.

காதுக்குப் பதில் இவர்களுக்கு இரண்டு கைப்பிடி வைத்திருந்தால் தூக்கி வெளியே வைக்கவாவது வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தபடி அவள் வேலை அறைக்குப் போனாள்.

பாட்டுக் கம்பெனிகள் முதலில் ஒயரை மாற்றின, பிறகு ஆளை மாற்றின. புதிய ஆட்கள் வாசித்துப் பதித்த பேஸ் விடிவதற்குள் துடைத்ததுபோலப் போனது. ஸ்டுடியோவின் பழைய ஒலிப்பதிவாளர்தான் மூன்று மாதம் உட்கார்ந்து பட்டியல் எடுத்து, ஊமையான பாட்டுகள் எல்லாவற்றிலும் வாசித்தது ஒரே கை என்று கண்டுபிடித்தார். பத்திரிகையில் இறந்தவர் பேர் வந்தது. மறுநாளே ஏழு பேரும் நிருபர்களைக் கூப்பிட்டு, அவர் பேஸ் மேதை என்பதைத் தாங்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாக அளந்தார்கள். சட்டையில் பேஸ் கிட்டார் வில்லை குத்திக்கொண்டார்கள். வில்லையில் ஆறு கம்பிகள் இருந்தன. அவர் வாழ்நாள் முழுக்க வாசித்தது நாலு கம்பியில்.

பேஸ் எங்கே போனது என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அவர் இறந்த மறுநாள் காலை அவள் வேலை மேஜையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. வேலை அறையின் வடக்குச் சுவரில் கையை வைத்தாள். உள்ளே ஒவ்வொரு பாட்டாக, அவசரமில்லாமல், ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரி மூலம் சேதி கசிந்ததும் ஏழு பேரும் ஏழு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து நின்றார்கள்.

"அம்மா, இது பொதுச்சொத்து. இந்த ரூமை நினைவிடமாக்கணும்னு மனு குடுத்திருக்கோம். நீங்க உங்க சாமானை எடுத்துக்கிட்டு வேற இடம் பாருங்க" என்றார் தலைவர்.

அவள் வேலை மேஜையைப் பார்த்தாள். இருபது வருஷமாகச் சோறு போட்ட மேஜை அது. ஆனால் அவர்கள் கால் வைத்த கணத்தில் சுவர் அடங்கிவிட்டது. உயிரோடிருந்தபோதும் இவர்கள் குரல் வாசலில் கேட்டால் அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொள்வார். நாலு ஞாயிறு அவர்கள் சுவரில் தம்ளரை வைத்துக் காதைக் கொடுத்தார்கள். காது மடலெல்லாம் சுண்ணாம்பு. நாலாவது ஞாயிறு, வெறுங்கையோடு போக வெட்கப்பட்ட தலைவர், சாக்ஸபோன் கேட்கிறது என்றார். உடனே மற்ற ஆறு பேருக்கும் கேட்டது.

"சாக்ஸா?" என்றாள்.

"தெளிவா கேக்குதும்மா. மூணாவது உருப்படி. அதே விம்மல்."

"அப்ப முழுசா கேட்டாச்சுல்ல. கிளம்புங்க."

அவர்கள் திருப்தியாகக் கிளம்பினார்கள். மனுவை மாற்றி எழுதி, பூங்காவில் சாக்ஸபோனோடு ஒரு சிலை வைத்தார்கள். முகம் தலைவருடைய ஜாடையில் அமைந்துவிட்டது. அதன் அடியில் உட்கார்ந்து பேச நல்ல நிழல் இருந்ததால் அந்த வீட்டுப் பக்கம் பிறகு வரவேயில்லை. அந்த நாலாவது ஞாயிறு அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் சுவரில் நெற்றியை வைத்து, "போயிட்டாங்க. வாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து பேஸ் வந்தது. அவர் செத்ததற்கு அவள் அழுதது அப்போதுதான்.

பாட்டுகளுக்குப் பேஸ் திரும்பவில்லை. பிறகு பிறந்தவர்கள் பாட்டென்றால் அப்படித்தான் என்று நினைத்தார்கள். பல் அச்சில் பாரிஸ் சாந்து ஊற்றும்போது குமிழி வராமலிருக்க அதிரவைக்கும் இயந்திரத்தை அவள் கழற்றி வைத்துவிட்டு, சுவரின் அதிர்வே போதுமென்று அச்சை வடக்குச் சுவரோரம் வைத்துக்கொண்டாள். ஆறாவது வருஷம் ஒரு பல் மருத்துவர் போன் செய்தார்.

"உங்க பல் செட் போட்டவங்க சாப்பிடும்போது காலாலே தாளம் போடறாங்களாம். உள்ள ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"அவர்தான், டாக்டர்" என்றாள்.

மருத்துவர் "சரி" என்றார். மேல்வரிசை இரண்டு வேண்டும், வியாழக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார்.